என் தங்கை கணவரும் போட்டோவில் இருக்கும் சாரும்

என் தங்கை கணவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் மூன்றாவது வார்த்தைக்கே திண்டாடிப் போவேன். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். அவ்வளவுதான். இவை இரண்டும் ஒரு மனிதனுக்குப் பெருமை என்றால் என் கடையில் இருக்கும் தையல் மிஷினும் உத்தமமான மாப்பிள்ளைதான். அதுவாவது உருப்படியாக ஏதாவது தைத்துக் கொடுக்கிறது.

எனக்கு ஆல்டரேஷன் கடை. பேண்டைக் குட்டையாக்குவது, ஜிப் மாற்றுவது, கோட்டுக்குத் தோளைக் குறைப்பது, திரைச்சீலைக்கு ஓரம் அடிப்பது, இதெல்லாம் என் பிழைப்பு. கடைக்குப் பின்னால் துணி வெட்டும் அறை, மேலே வீடு. மேல்வீட்டில் தங்கையும் அவள் கணவரும் இருக்கிறார்கள். நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. என் தங்கை பண்ணிக்கொண்டதைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் சுத்தமாகப் போய்விட்டது.

அவர் பார்த்த வேலை, பார்க்காத வேலை எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். கடைசியாக ஒரு கம்பெனியில் இருந்தார். வாஷிங் மிஷின், ஃப்ரிட்ஜ் பழுதானால் ஜனங்கள் போன் பண்ணித் திட்டுவார்களே, அந்தத் திட்டை வாங்கிக்கொள்ளும் வேலை. என் தங்கையும் ஒருநாள் அப்படித்தான் திட்டுவதற்குப் போன் பண்ணினாள். சமையலறை முழுக்கத் தண்ணீர். கத்திக்கொண்டே ஆரம்பித்தவள், போனை வைக்கும்போது "தப்பா எடுத்துக்காதீங்க" என்று இவளே மன்னிப்புக் கேட்டாள். பக்கத்தில் நின்று பார்த்த எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் மிஷின் சரியான பிறகும் போன் ஓயவில்லை என்றபோதுதான் புரிந்தது.

குரல் நல்ல குரல்தான், மறுக்க மாட்டேன். ஆனால் குரலோடு சேர்ந்து ஆளும் வந்தாரே. குனிந்த முதுகு, எதிரே நிற்பவரின் சட்டைப் பித்தானைப் பார்த்துப் பேசும் வழக்கம், நாலு பேர் இருக்கும் அறைக்குள் நுழைவதற்கு முன் கதவருகே நின்று ஒருமுறை தொண்டையைச் செருமும் பழக்கம். உறவுக்காரர்கள் வீட்டுக்குப் போனால் மாடிப்படியில் உட்கார்ந்து செருப்புகளை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருப்பார். "உன் வீட்டுக்காரர் செருப்புக்குக் காவலா வந்திருக்காரா?" என்று என் சித்தி கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். தங்கை சிரிக்கவில்லை. "அவரோட பேசிப் பாருங்க, அப்புறம் சிரிங்க" என்றாள்.

இதுதான் விஷயம். இந்த உலகத்தில் அந்த மனிதரை மதித்த ஒரே ஆள் என் தங்கை. சும்மா ஒப்புக்கு மதித்தவள் இல்லை. நான் ஒரு வார்த்தை குத்தலாகச் சொன்னால் போதும், கத்தரிக்கோலைப் பிடுங்கி மேசையில் வைத்துவிட்டு என்னோடு மல்லுக்கு நிற்பாள். அவருக்கென்று இருந்த ஒரே சொத்து அதுதான். அதை அவர் எப்படிக் கையாண்டார் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

கம்பெனியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் போனில் பேசப் பழக்கும் வேலையை இவருக்குக் கொடுத்தார்கள். அதிலிருந்துதான் பிடித்தது சனி. இணையத்தில் எவனெவனோ ஆளுமைப் பயிற்சி, தலைமைப் பயிற்சி என்று கடை போடுவதைப் பார்த்தார். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். தானும் ஒரு பயிற்சி நடத்தப் போகிறாராம். பெயர் 'தயக்கம் தவிர்'. ஆறு வாரம், வீட்டிலிருந்தே கற்கலாம்.

"யாருக்குத் தயக்கம்? யாரு தவிர்க்கறது?" என்று கேட்டேன்.

"அவருக்கு அது என்னன்னு தெரியும்க்கா. அதனாலதான் சொல்லித் தர முடியும்" என்றாள் தங்கை. அவள் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறாள். இனி அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓட வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் முகத்தில் ஒரு சுணக்கம் இல்லை.

விளம்பரத்துக்கு நல்ல புகைப்படம் வேண்டும் என்று அவரே முடிவு செய்தார். பயிற்சியில் என்ன இருக்கிறது என்று எவனும் படிக்க மாட்டானாம், முகத்தைப் பார்த்துத்தான் சேருவானாம். அது சரிதான். இவர் முகத்தைப் பார்த்துச் சேருவார்களா என்பதுதான் என் சந்தேகம். தொழில்முறைப் புகைப்படக்காரர் ஒருவரைப் பிடித்தார். கோட்டுக்கு என்னிடம் வந்து நின்றார். வாடிக்கையாளர் ஒருவர் தோள் குறைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராமலே போன நீலக் கோட்டு ஒன்று என்னிடம் இருந்தது. போட்டுப் பார்த்தால் உள்ளே இன்னொருவரும் தாராளமாக நுழையலாம். "நீங்களும் வந்தா ஊசி குத்தித் தரலாம்க்கா" என்றார். வேடிக்கை பார்க்கலாமே என்று போனேன்.

ஸ்டூடியோ ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடி. சுவரிலிருந்து தரைவரை வெள்ளைக் காகிதச் சுருள் தொங்கியது. இரண்டு பக்கமும் குடை மாட்டிய விளக்குகள். புகைப்படக்காரர் பெரும்பாலும் கடைகளின் விளம்பரத் தாளுக்குக் கட்டில், பீரோ, இஸ்திரிப்பெட்டி எடுப்பவர். அதை அவர் மறைக்கவும் இல்லை.

"பொருளப் பளிச்சினு காட்டறது என் வேலை. இன்னிக்கு சார்தான் பொருள்" என்றார்.

பொருளைப் பிடித்துக் காகிதத்தின் நடுவில் நிறுத்தினோம். கோட்டின் முதுகை நான் இழுத்துப் பிடிக்க, புகைப்படக்காரர் துணி காயப்போடும் கிளிப்புகளை வரிசையாக மாட்டினார். முன்னால் பார்த்தால் அளவெடுத்துத் தைத்த கோட்டு. பின்னால் பார்த்தால் கொடிக்கயிறு. உயரம் போதவில்லை என்று ஒரு மரப்பெட்டியின் மேல் ஏற்றினார்கள். கீழே கண்ணாடிக் கடையிலிருந்து ஒரு ஃபிரேம் வாங்கி வந்து, விளக்கு மின்னுகிறது என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறும் ஃபிரேமை மாட்டினார்கள். நகம் கடித்த விரல்கள் தெரியக் கூடாது என்று கைகளைக் கட்டச் சொன்னார்கள்.

"தாடைய முன்னாடி கொண்டு வாங்க சார். இன்னும். ஆமை தலைய நீட்டற மாதிரி. சிரிக்காதீங்க. சிரிக்கப் போறவர் மாதிரி இருங்க."

நான் சுவரோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிக்கப் போகிறவர் மாதிரி இருக்கச் சொன்னால் இந்த மனிதர் தும்மப் போகிறவர் மாதிரி இருந்தார். நடுவில் அவருக்கு அவசரமாகப் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. கிளிப்பைக் கழற்றினால் மறுபடி மாட்ட நேரமாகும் என்று அப்படியே போனார். மாடிப்படியில் கண்ணாடிக் கடைப் பெண்கள் இரண்டு பேர் முதுகைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டார்கள். அவர் அதைக் கவனிக்கவில்லை. கோட்டு போட்டிருக்கும் நினைப்பில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். நான் அவரைப் பார்த்த இத்தனை காலத்தில் அன்றைக்குத்தான் நிமிர்ந்து நடந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அப்புறம் கம்ப்யூட்டரில் என்ன மாயம் செய்தார்களோ தெரியாது. முன்நெற்றியில் முடி முளைத்தது. கண்ணுக்குக் கீழே இருந்த பைகள் காணாமல் போயின. தோள் அகன்றது. பின்னால் வெள்ளைக் காகிதம் போய் ஒரு பெரிய அரங்கம் வந்தது. வரிசை வரிசையாக மனிதத் தலைகள். அடியில் எழுத்து: 'ஆளுமைச் சிற்பியுடன் ஆறு வாரங்கள்'. அன்றிலிருந்து நான் அவரைச் சிற்பி என்றே கூப்பிட ஆரம்பித்தேன், முதுகுக்குப் பின்னால்.

படத்தைத் தங்கையிடம் காட்டினார். அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"இது யாரு?" என்றாள்.

அவருக்கு வாயெல்லாம் பல். அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டாம் என்ற மாதிரி என்னைப் பார்த்தார். அவள் படத்தைக் கையில் வாங்கி இன்னொரு தரம் பார்த்தாள். "நல்லாத்தான் எடுத்திருக்காங்க" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, செருப்பை மாட்டும்போது, "எனக்கு உங்கள இப்படியே புடிக்கும், தெரியுமா?" என்றாள். அவர் காதில் அது விழுந்ததா என்று எனக்குச் சந்தேகம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படத்தைப் பார்த்து ஆள் சேர்ந்தார்கள். புகைப்படக்காரர் கெட்டிக்காரர், ஒப்புக்கொள்கிறேன். வகுப்பு நடத்த அமைதியான இடம் வேண்டுமென்று கடை மூடிய பிறகு என் வெட்டும் அறையைக் கேட்டார். பின்னால் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டுக் கொடுத்தேன். கேமராவுக்குப் படாத மூலையில் உட்கார்ந்து நான் ஓரம் அடிக்கலாம், சத்தம் வராமல் கையால் அடிக்க வேண்டும் என்று ஒப்பந்தம்.

முதல் நாள். சிற்பி சட்டையைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைச் செருமிவிட்டு, கேமராவைப் போட்டார். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்காரும் ஒரு பெண். பேக்கரி வைத்திருக்கும் ஒரு பெரியவர், பேசினால் திக்குபவர். இன்னும் சிலர். எல்லாரும் இவரைப் பார்த்தார்கள். இவர் எல்லாரையும் பார்த்தார்.

பிறகு வரவேற்புப் பெண் மரியாதையாகக் கேட்டாள். "சார் எப்ப வருவாருங்க?"

நான் ஊசியைத் துணியிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தேன். ஒரே ஒரு வாக்கியம். 'நான்தாம்மா அது, போட்டோல கொஞ்சம் அழகா எடுத்துட்டாங்க' என்று சொன்னால் எல்லாரும் சிரித்திருப்பார்கள், விஷயம் அதோடு முடிந்திருக்கும். பச்சைக் குழந்தைக்கும் அது தெரியும். நம் சிற்பி சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"சார் கொஞ்சம் பிஸி. நான் அவரோட உதவியாளர். ஆரம்ப வகுப்பெல்லாம் நான்தான் எடுப்பேன்."

தன் கடைக்குத் தானே வேலைக்காரனாகச் சேர்ந்த மனிதனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வகுப்பு முடிந்ததும், "ஏன் தம்பி, சாருக்கு டீ ஏதாவது வாங்கி வைக்கணுமா?" என்று கேட்டேன். "அக்கா, அவகிட்ட சொல்லிடாதீங்க" என்றார். சொல்லவில்லை. மேலே போனால் அவள் முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. "எல்லாரும் நல்லா கேட்டாங்களாமே?" என்றாள். எந்த வாயால் சொல்வது?

இங்கே ஒரு சங்கடம். சொல்லக் கூடாது என்றுதான் பார்க்கிறேன், ஆனால் அந்த உதவியாளர் நன்றாக நடத்தினார். சிற்பியாக நடிக்க வேண்டிய பாரம் இல்லை அல்லவா, வாய் தானாகத் திறந்துகொண்டது. கம்பெனியில் திட்டு வாங்கிக் கற்றதையெல்லாம் எடுத்து வைத்தார். பேசுவதற்கு முன் மூச்சை உள்ளே இழுக்காதே, வெளியே விடு. எதிராளி கத்தினால் அவர் சொன்ன கடைசி வார்த்தையை மெதுவாகத் திருப்பிச் சொல். உன் பெயரைச் சொல்லும்போது அவசரப்படாதே. பேக்கரிப் பெரியவர் தன் பெயரைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருந்தார். "அவசரமே இல்லீங்க. தயக்கம் போறப்ப போகட்டும், யாரும் யாரையும் தள்ள வேண்டாம்" என்றார். மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, பெரியவர் தன் பெயரையும் கடையின் பெயரையும் தடங்கல் இல்லாமல் சொன்னபோது கட்டங்களில் எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டியிருப்பேன், கையில் ஊசி இருந்தது.

ஆனால் ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் "சார் எப்ப வருவார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இவரும் புருடா விட்டுக்கொண்டே இருந்தார். சார் வெளியூரில் இருக்கிறார். சாருக்குத் தொண்டை சரியில்லை. கடைசியில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்: நிறைவு நாளில் சார் கட்டாயம் வருவார், எல்லாரோடும் பேசுவார்.

"இப்ப என்ன செய்யப் போறீங்க? மறுபடியும் கிளிப் மாட்டணுமா?" என்றேன்.

அவர் அதையெல்லாம் யோசித்து வைத்திருந்தார். கேமராவை மூடிவிட்டு அந்தப் போட்டோவைத் திரையில் வைப்பாராம். குரலை மட்டும் மாற்றிக் கனமாகப் பேசுவாராம். ஆட்கள் சாரைப் புகழ்ந்து சொல்வதைப் பதிவு செய்து, அடுத்த பயிற்சியின் விளம்பரத்தில் போட்டோவுக்குப் பக்கத்தில் போடுவாராம். கடவுள் அந்த மனிதருக்குக் கொடுத்தது ஒரே ஒரு நல்ல பொருள், அந்தக் குரல். அதையும் மறைத்துவிட்டுப் பேசக் கிளம்பினார்.

"அன்னிக்கு அவள கீழ வர வேணாம்னு சொல்லுங்கக்கா" என்றார். நான் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? இவர் ஆடும் கூத்துக்கெல்லாம் நான் திரை பிடிக்க முடியாது.

நிறைவு நாள் அவள் வேலையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டாள். புருஷன் நடத்திய முதல் பயிற்சியின் கடைசி வகுப்பைப் பார்க்க வேண்டுமே. டீ போட்டு எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வந்து வெட்டும் அறை வாசலில் நின்றாள். அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். திரையில் நீலக் கோட்டுக்காரர் கைகட்டி நின்றார். வாய் அசையாத அந்தப் படத்திலிருந்து ஒரு கட்டைக் குரல் வந்தது. நம் வீட்டுக்கு வந்த விருந்தாளி சளி பிடித்துப் பேசுகிற மாதிரி.

"அன்பு நண்பர்களே. உங்கள் வளர்ச்சியை நான் தொலைவிலிருந்து கவனித்துக்கொண்டிருந்தேன்."

தங்கை என்னைப் பார்த்தாள். இது யார் என்று கண்ணாலேயே கேட்டாள். நான் துணியைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

வரவேற்புப் பெண்தான் பேசினாள். "சார், கேமராவப் போடுங்க சார்."

"இணைப்பில் சிறு கோளாறு."

"பரவால்ல சார், போடுங்க. எங்களுக்குத் தெரியும் சார்." அவள் குரலில் கேலி இல்லை. "மொத வாரமே தெரிஞ்சுபோச்சு."

பேக்கரிப் பெரியவர் நிதானமாக, மூச்சை வெளியே விட்டுவிட்டுச் சொன்னார். "மொகத்த மாத்தினவங்க காத மாத்த மறந்துட்டாங்க சார். நாங்க எல்லாரும் பேசி வெச்சுக்கிட்டோம். உங்களுக்கா எப்பத் தோணுதோ அப்ப சொல்லட்டும்னு. நீங்கதான சொன்னீங்க, யாரையும் தள்ள வேணாம்னு."

"இன்னிக்குக் கடைசி வகுப்பு" என்றாள் வரவேற்புப் பெண். "உங்க மொகத்தப் பாத்து நன்றி சொல்லணும் சார். அவ்வளவுதான். போட்டோவப் பாத்து எப்படிச் சொல்றது?"

அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க எதற்காகத் தவித்தாரோ அது அத்தனையும் தட்டில் வைத்து நீட்டப்பட்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. யாரும் கோபப்படவில்லை. ஒரு விரலால் ஒரு பட்டனைத் தொட்டால் போதும். அவர் திரும்பிப் பார்த்தார். வாசலில் தங்கை நிற்பதை அப்போதுதான் கண்டார். அவள் டீக் கோப்பையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் கேமராவைக் காட்டித் தலையசைத்தாள். போடுங்க, போடுங்க என்று உதடு மட்டும் அசைந்தது. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது, எல்லாவற்றையும் மன்னித்தும் விட்டாள். நான் கண்ணால் பார்த்தேன்.

அவர் விரல் பட்டன் வரை போனது. அங்கேயே நின்றது. பிறகு திரையின் பக்கம் திரும்பினார். தொண்டையைச் செருமினார். அதே கட்டைக் குரல்.

"உங்கள் அன்புக்கு நன்றி. உதவியாளர் இன்று விடுப்பில் இருக்கிறார். நீங்கள் சொன்னதை அவரிடம் அவசியம் தெரிவிக்கிறேன்."

பேக்கரிப் பெரியவர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அல்லது மாவு பட்டிருந்ததோ என்னவோ.

"சரிங்க சார்" என்றாள் வரவேற்புப் பெண் கடைசியில். "அவர்கிட்ட சொல்லிடுங்க."

ஒவ்வொரு கட்டமாக அணைந்தது. அவர் திரையை அணைத்துவிட்டு எழுந்து வந்தார். முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு. தன் சொந்தக் குரலில் தங்கையிடம் கேட்டார். "எப்படி இருந்துச்சு?"

அவள் டீயை மேசையில் வைத்தாள். ஓரத்தில் சிந்தியதைத் துணியால் துடைத்தாள்.

"நல்லா பேசினீங்க சார்" என்றாள்.

கேலியாகச் சொல்லவில்லை. மருந்துக்கடைக்கு வரும் யாரோ ஒருவரிடம் பேசும் மரியாதையோடு சொன்னாள். சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள்.

இரண்டாவது பயிற்சிக்கு ஆள் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். போட்டோ நன்றாக வேலை செய்கிறது. போன வாரம் தங்கை என் கடையில் உட்கார்ந்து பித்தான் தைத்துக்கொண்டிருந்தபோது நான் பழைய ஞாபகத்தில், "சிற்பி இன்னிக்கு எந்த ஊர்ல இருக்காராம்?" என்று வாயை விட்டுவிட்டேன். விட்ட பிறகு, கத்தரிக்கோலைப் பிடுங்க வருவாள் என்று கையை இழுத்துக்கொண்டேன். அவள் தலை நிமிராமல் சிரித்தாள். அவரைப் பற்றி நான் சொன்ன ஒன்றுக்கு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.